எல்லோர் முன்னாலும் திட்டும் சீனியரை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: நான் 28 வயதுப் பெண். ஒரு தனியார் நிறுவனத்தின் அக்கவுன்ட்ஸ் பிரிவில் சேர்ந்து நாலேகால் வருடம் ஆகிறது. அங்கே 18 வருடமாக இருக்கும் ஒரு சீனியர், வயது 52, சின்னத் தவறுக்கும் எல்லோர் முன்னாலும் ‘வா, போ’ என்று ஒருமையில் கத்துகிறார். எனக்கு வேண்டிய ஃபைலைக் கடைசி நிமிஷம் வரை தரமாட்டார். நான் முடித்த வேலையைத் தான் முடித்ததாக மேனேஜரிடம் சொல்லிவிடுகிறார். சேர்ந்த நாளிலிருந்து அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுகிறேன், அதனால் எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. இப்போது புதிதாக வந்திருக்கும் பெண்ணிடமும் ஆரம்பித்துவிட்டார். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: விடுவதா வேண்டாமா என்பதைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றுக்கு ஆறு வாரம் போதும்.

நான் கோயம்புத்தூர்ப் பக்கம் மில்களிலும், பிறகு பம்ப் தொழிற்சாலைகளிலுமாக 26 வருடம் ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் பர்சனல் பிரிவில் இருந்தவன். ‘அந்த ஆளோடு வேலை செய்ய முடியாது சார்’ என்று என் மேசைக்கு வந்தவர்கள் எல்லோருமே முதலில் சொன்னது அந்த ஆளின் குணத்தைத்தான். திமிர் பிடித்தவர், பொறாமைக்காரர், யாரையும் வளரவிடமாட்டார். நானும் ஆரம்ப வருடங்களில் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் புத்தி சொல்வேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போவார். அடுத்த வாரம் அதே புகார் வரும். 52 வயதானவரின் சுபாவத்தை நீங்களும் மாற்ற முடியாது, நானும் மாற்ற முடியாது. ஆனால் அவருக்கும் உங்களுக்கும் நடுவில் வேலை கைமாறும் விதத்தை மாற்ற முடியும். ஃபைல் எந்தத் தேதியில் யார் கைக்கு வருகிறது, வேலை முடிந்த செய்தியை மேனேஜருக்கு யார் சொல்கிறார், தவறு நடந்தால் அதை எங்கே வைத்துப் பேசுகிறார்கள், இந்த மூன்றும்தான் உங்கள் தொல்லை பிறக்கிற இடங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு ஸ்பின்னிங் மில்லின் ஸ்டோர் கீப்பரிடமிருந்து. நைட் ஷிப்டில் மெஷின் நின்றுபோய் ஃபிட்டர் பேரிங் கேட்டு வந்தால், ‘உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?’ என்று கேட்பார். சீட்டில் ஒரு எழுத்து தெளிவாக இல்லையென்றால் முகத்துக்கு நேரே விட்டெறிவார். அவரை மாற்றச் சொல்லி மொத்த மில்லும் என்னிடம் வந்தது. ஒருநாள் அவரோடு ஸ்டோருக்குள்ளேயே உட்கார்ந்து பழைய ரிஜிஸ்டர்களைப் புரட்டினேன். பல வருடங்களுக்கு முன் ஸ்டாக் எடுத்தபோது சரக்கு குறைந்திருக்கிறது. ராத்திரி அவசரத்தில் ‘காலையில சீட்டு தர்றேண்ணா’ என்று வாங்கிப் போனவர்கள் யாரும் சீட்டு கொண்டுவந்து தரவில்லை. குறைந்த தொகையை இவர் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்திருக்கிறார்கள். அவருக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். அன்றிலிருந்து சீட்டோடு வருகிறவனும் அவர் கண்ணுக்குச் சம்பளத்தைப் பறிக்க வருகிறவனாகத்தான் தெரிந்திருக்கிறான்.

அவருக்கு நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ராத்திரியில் அடிக்கடி தேவைப்படும் ஸ்பேர்களைத் தனியாக ஒரு பீரோவில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் இருப்பைக் குறிக்கும் ஒரு அட்டை போட்டு, சாவியை ஷிப்ட் மேஸ்திரியின் பொறுப்பில் விட்டோம். எடுப்பவர் அந்த அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும், காலையில் ஸ்டோர் கீப்பர் வந்து எண்ணிப் பார்த்துக்கொள்வார். மற்ற சாமான்கள் கேட்கும் சீட்டு மாலை 4 மணிக்குள் வந்துவிட வேண்டும். அவ்வளவுதான். மூன்று மாதத்தில் அவரைப் பற்றிப் புகார் வருவது ஏறக்குறைய நின்றுபோனது. அவர் சிடுசிடுப்பு போகவில்லை, ஓய்வு பெறும்வரை இருந்தது. ஆனால் அதைக் காட்ட வேண்டிய சந்தர்ப்பம் நாளுக்குப் பத்து என்பது போய், வாரத்துக்கு ஒன்று ஆனது.

உங்கள் சீனியருக்கும் இப்படி ஏதாவது ஒரு பழைய காயம் இருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தாலும் அது அவர் கத்துவதற்குக் காரணம் ஆகுமே தவிர, நியாயம் ஆகாது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். நம் கோபத்துக்கு அன்றைய வேலைப் பளுவைக் காரணம் காட்டுவோம், அடுத்தவர் கோபத்துக்கு அவர் பிறவிக் குணத்தைக் காரணம் காட்டுவோம். அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கத்தான் இந்தக் கதையைச் சொன்னேன்.

முதல் வேலையாக, ஒரு சின்ன நோட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு, அவர் கத்திய ஒவ்வொரு முறையும் அன்றைக்கே நாலு வரி எழுதுங்கள்: தேதி, நேரம், அவர் சொன்ன அதே வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள். உங்கள் மனநிலையை அதில் எழுத வேண்டாம். மாதக் கடைசியில் தேதிகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள். அக்கவுன்ட்ஸ் பிரிவில் மாதம் ஓடுகிற விதம் உங்களுக்கே தெரியும். 7-ம் தேதி பிடித்த வரியான டிடிஎஸ் கட்ட வேண்டும், 11-ம் தேதி விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன், 15-ம் தேதி ஊழியர்களின் பிஎஃப்பும் இஎஸ்ஐயும், 20-ம் தேதி ஜிஎஸ்டி வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன். அவர் கத்திய நாட்கள் இந்தத் தேதிகளை ஒட்டியே இருந்தால், அவர் பயத்தில் கத்துகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த வகைக் கோபத்தை வேலையை இரண்டு நாள் முன்னே நகர்த்தினாலே பாதி குறைத்துவிடலாம். எந்த நெருக்கடியும் இல்லாத 25-ம் தேதியிலும் கத்துகிறார், உங்களிடம் மட்டும் கத்துகிறார், ஆட்கள் இருக்கும்போது மட்டும் கத்துகிறார் என்றால் விஷயம் வேறு. அவருக்கு வேண்டியது உங்களைச் சின்னவளாகக் காட்டுவது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் வயதுப் பையன்களை அவர் எப்படிக் கூப்பிடுகிறார்? 24 வருட இடைவெளியில் ‘வா, போ’ என்பது பல அலுவலகங்களில் சாதாரணம், பாசமாகவும் இருக்கும். ஆனால் 28 வயதுப் பையனை ‘தம்பி, வாங்க’ என்று கூப்பிடுகிறவர் உங்களையும் அந்தப் புதுப் பெண்ணையும் மட்டும் ஒருமையில் பேசினால், அதற்கும் வயதுக்கும் சம்பந்தம் இல்லை. அதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஃபைல். ஃபைலை இழுத்துப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் தங்கள் இடம் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள். 18 வருடத்தில் எந்தப் பார்ட்டியின் கணக்கு எங்கே இடிக்கும் என்பது அவர் தலைக்குள் இருக்கிறது, அதுதான் அவருக்குப் பாதுகாப்பு. உங்களிடம் முழுதாகக் கொடுத்துவிட்டால் தன்னை எதற்கு வைத்திருப்பார்கள் என்று தோன்றும். ஆகவே ‘ஃபைல் குடுங்கண்ணா’ என்று நின்று கேட்பதை விட்டுவிட்டு, தேதி போட்டு எழுத்தில் கேளுங்கள். ‘அண்ணா, 3பி-க்குக் கணக்கு ஒத்துப்பார்க்கும் ரீகன்சிலியேஷன் ஃபைல் 16-ம் தேதி மதியத்துக்குள் கிடைத்தால் 18-ம் தேதி உங்களிடமே சரிபார்க்கக் கொடுத்துவிடுவேன்’ என்று ஒரு மெயில். மேனேஜருக்கு சிசி போடுங்கள், முதல் மாதத்திலிருந்தே போடுங்கள். பாதியில் திடீரென்று சிசி போட ஆரம்பித்தால் அது போட்டுக்கொடுப்பது போலத் தெரியும், ஆரம்பத்திலிருந்தே இருந்தால் வழக்கமாகிவிடும். ‘உங்களிடமே சரிபார்க்கக் கொடுப்பேன்’ என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். அவர் அனுபவத்துக்கு இடம் இருக்கிறது என்று தெரிந்தால் ஃபைல் சீக்கிரம் வரும். அது முகஸ்துதி இல்லை, உண்மையிலேயே அவர் பார்வை பட்டால் தவறு குறையும்.

பெயர் வாங்கிக்கொள்ளும் விஷயம் இதைவிட எளிது. வெள்ளிக்கிழமை மாலை மேனேஜருக்கு மூன்று வரி மெயில், சீனியருக்கு சிசி: இந்த வாரம் நான் முடித்தது, பாதியில் இருப்பது, அடுத்த வாரம் எனக்கு யாரிடமிருந்து என்ன வேண்டும். ‘இதை நான்தான் செய்தேன்’ என்று ஒருநாளும் சண்டைக்கு நிற்க வேண்டாம். ஆறு வெள்ளிக்கிழமை போனால் மேனேஜருக்கே தெரிந்துவிடும்.

இப்போது கத்துவதற்கு வருகிறேன். உங்களை வாட்டுவது இதுதான் என்று கேள்வியைப் படித்தாலே புரிகிறது. கத்திக்கொண்டிருக்கும் அந்த நிமிஷத்தில் விளக்கம் சொல்லாதீர்கள். விளக்கம் சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறும், சுற்றி இருப்பவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர் நிற்க நீங்கள் உட்கார்ந்திருந்தால் எழுந்து நில்லுங்கள். குரலை இறக்கி, வேலையைப் பற்றி மட்டும் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘எந்த என்ட்ரிண்ணா? காட்டுங்க, இப்பவே பார்த்திடறேன்.’ தவறு உங்களுடையதாக இருந்தால் ‘ஆமாங்க, தப்புதான், திருத்திடறேன்’ என்று ஒரே முறை சொல்லுங்கள். பத்து முறை மன்னிப்புக் கேட்காதீர்கள்.

அப்புறம் அன்றைக்கே, இல்லையென்றால் மறுநாள் காலையில், அவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் போய் உட்காருங்கள். நின்றுகொண்டு பேச வேண்டாம். ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் சொல்லுங்கள். ‘அண்ணா, நேத்து அந்த வவுச்சர்ல தப்பு பண்ணினது நான்தான். ஆனா எல்லாரும் இருக்கும்போது அப்படிக் கத்தினது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. இனிமே தப்பு இருந்தா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க, கேட்டுக்கறேன்.’ இவ்வளவு போதும். ‘நீங்க எப்பவுமே இப்படித்தான்’ என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. அது வந்தால் பேச்சு அந்த வவுச்சரை விட்டுவிட்டு அவர் 18 வருடச் சேவைக்குப் போய்விடும். அவர் சொல்லப்போகும் பதில் அநேகமாக இரண்டில் ஒன்று: ‘என் பேச்சே அப்படித்தான்’ அல்லது ‘உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்’. இரண்டுக்கும் ஒரே பதில் சொல்லலாம்: ‘நல்லதுக்குத்தான்னு தெரியுங்க. தனியாச் சொன்னா இன்னும் நல்லாப் புரிஞ்சுக்குவேன்.’ சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அவர் ஒத்துக்கொள்கிறாரா என்று காத்திருக்க வேண்டாம். அந்த இடத்தில் ஒத்துக்கொள்ளும் ஆண்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் சொன்ன சொல் அவர் மனதில் கிடக்கும், மறுபடி கத்த வாயைத் திறக்கும்போது ஞாபகம் வரும்.

மறுபடியும் கத்தினால் அங்கேயே, எல்லோர் முன்னாலும், அதே குரலில் ‘அண்ணா, தனியாப் பேசலாங்க’ என்று மட்டும் சொல்லுங்கள். மூன்றாம் முறையும் அதே வாக்கியம். வாட்ஸ்அப் குரூப்பில் திட்டினால் குரூப்பில் பதில் போடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

‘அண்ணா’வை நிறுத்திவிட்டு ‘சார்’ என்று மாறுவதா? வேண்டாம். திடீரென்று மாறினால் அதுவே சண்டைக்குக் கொடி காட்டியது போல ஆகிவிடும். அந்த வார்த்தை உங்கள் வாயைக் கட்டுகிறது என்கிறீர்கள். அண்ணன் என்ற உறவில் தங்கைக்கும் உரிமை உண்டு, அதை மறந்துவிட வேண்டாம். ‘உங்களை அண்ணான்னு கூப்பிடறேன், உங்க தங்கச்சியை நாலு பேர் முன்னாடி யாராவது இப்படிப் பேசினா விடுவீங்களா?’ என்று ஒரு பெண் கேட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். கேட்கப்பட்டவர் ரொம்ப நேரம் பேசவில்லை. இது கோபக்காரரிடம் பலிக்கும். திட்டம் போட்டு மட்டம் தட்டுகிறவரிடம் பலிக்காது. உங்கள் நோட்டு அவர் எந்த வகை என்று சொல்லும்.

ஆறு வாரத்தில் எதுவும் மாறவில்லை என்றால் மேனேஜரிடமோ எச்ஆரிடமோ போங்கள். ஆனால் ‘எப்போதும் அவமானப்படுத்துகிறார், மன உளைச்சலாக இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தால் அதை இரண்டு பேருக்குள் நடக்கும் உரசல் என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். நானே அப்படி வைத்திருக்கிறேன், அதற்காக வருத்தப்படுகிறேன். இப்படி எழுதுங்கள்: ‘14-ம் தேதி கேட்ட ஃபைல் 19-ம் தேதி மாலை 6 மணிக்கு வந்தது. 18-ம் தேதி காலை 11 மணிக்கு மூன்று பேர் முன்னிலையில் இந்த வார்த்தையைச் சொன்னார். ரிட்டர்ன் 20-ம் தேதி இரவுதான் தாக்கல் ஆனது.’ 3பி ஒருநாள் தள்ளினால் 50 ரூபாய் தாமதக் கட்டணமும், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் என்பது மேனேஜருக்குத் தெரியும். உங்கள் கண்ணீருக்கு அசையாதவர் அதற்கு அசைவார். அது நியாயமில்லைதான், ஆனாலும் நடைமுறை அப்படித்தான் இருக்கிறது.

தேதியும் சாட்சியும் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மில்லில் ஒரு தொழிலாளி எதிர்த்துப் பேசினார் என்று மேஸ்திரி வந்து சொன்னார். அவர் வார்த்தையை மட்டும் கேட்டு மெமோ கொடுத்துவிட்டேன். மேஸ்திரிதான் முதலில் அந்தத் தொழிலாளியின் தாயைப் பற்றிக் கேவலமாகப் பேசியிருக்கிறார். இரண்டு வாரம் கழித்துப் பக்கத்து மெஷின்காரர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன், மன்னிப்பும் கேட்டேன். அதன் பிறகு அந்த மனிதர் எந்தக் குறைக்கும் என்னிடம் வரவே இல்லை. எழுதப்பட்ட ஒரு வரி முதல் நாளே என் கையில் இருந்திருந்தால் நான் விசாரித்திருப்பேன்.

ஒரு எல்லைக்கோடும் இருக்கிறது. இதுவரை சொன்ன பொறுமையெல்லாம் கத்துகிறவருக்கும் ஃபைலை மறைப்பவருக்கும்தான். பேச்சிலோ செய்கையிலோ பாலியல் தொல்லை இருந்தால் ஒருநாள்கூடப் பொறுக்க வேண்டாம். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். ஒரு மூத்த பெண் ஊழியர் அதன் தலைவர், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், ஒருவர் வெளியாள். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு இன்னொரு 3 மாதம் நீட்டித்துத் தரலாம், விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சேர்ந்த ஒருவரைப் பலர் பார்வையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் அது 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம், அங்கே அலுவலகச் சமரசம் என்ற பேச்சே வரக் கூடாது. வெறுமனே கத்துவதற்கும் மட்டம் தட்டுவதற்கும் எதிராக ஜப்பானில் 2019-ல் சட்டத்தைத் திருத்தி, தடுக்கும் பொறுப்பை முதலாளிகள் மேல் வைத்தார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. 20 தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருக்கும் தொழில் நிறுவனத்தில் குறைதீர்க்கும் குழு வேண்டும் என்ற விதி உண்டு, எழுத்தர் வேலை செய்பவர்களும் தொழிலாளர் என்ற சொல்லில் அடங்குவார்கள். உங்கள் இடத்தில் அது இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

இனி வேலையை விடுவது. உங்கள் மேனேஜருக்கு எல்லாம் தெரிந்திருந்தும், அந்த சீனியரை வைத்துத்தான் தனக்கு வேலை நடக்கிறது என்று கண்டுகொள்ளாமல் இருந்தால் விட்டுவிடுங்கள், அங்கே எந்த வழியும் பலிக்காது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிறு பிசைகிறது, வாரக்கணக்கில் தூக்கம் இல்லை என்றாலும் உடம்பைவிட அந்த நாற்காலி பெரிதில்லை. அதுவரை யாரிடமாவது மனம்விட்டுப் பேச வேண்டும்போல் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

ஆனால் கோபத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். கையில் வேலை இருக்கும்போதே வேறு வேலை தேடுங்கள். நாலேகால் வருடம் ஆகிறது என்கிறீர்கள். ஐந்து வருடம் முடிந்தால் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை உண்டு. நான்கு வருடம் முடித்து ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலும் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. பேசிக் சம்பளம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஐந்து வருடத்துக்குச் சுமார் 51,900 ரூபாய் வரும். உங்கள் உழைப்புக்குச் சேர வேண்டிய அந்தப் பணத்தை அவருடைய கோபத்துக்காக விட்டுக்கொடுக்காதீர்கள். நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்து, ரிலீவிங் லெட்டரைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

அந்தப் புதுப் பெண்ணைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் நாலு வருடம் நின்ற இடத்தில் இப்போது அவர் நிற்கிறார். மாத வேலைகளின் பட்டியல், எந்தத் தேதிக்கு எந்த ஃபைல் வேண்டும், அது எந்த ஃபோல்டரில் இருக்கும், உங்களுக்குத் தெரிந்தவரை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் 20-ம் தேதிக்கு முன்னால் கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் அந்த மேசை முன்னால் போய் நிற்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்காது.